போயிட்டு வரேன், பரவாயில்லை, பார்க்கலாம்: பேச்சுத் தமிழில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்கள் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலத்துப் பிள்ளைகள் சிலருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவர்கள், சலூனில் வேலை பார்க்கும் ஒரு தம்பி என்று ஏழெட்டுப் பேர். எழுத்தையும் இலக்கணத்தையும் செல்போனிலேயே ஓரளவு படித்துவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வதெல்லாம் கடைத்தெருவில்தான். "தேங்க்ஸுக்குத் தமிழ்ல என்ன ஆன்ட்டி?" என்று முதல் நாளே ஒருவர் கேட்டார். நன்றி என்று சொல்லிக்கொடுத்தேன். மறுவாரம் வந்து, "நன்றின்னு சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று முறையிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. நன்றி, தயவுசெய்து, மன்னிக்கவும், முடியாது ஆகிய நாலு சொல்லையும் நாம் வீட்டிலோ தெருவிலோ பெரும்பாலும் வாயில் எடுப்பதே இல்லை. அதற்காக மரியாதை தெரியாதவர்கள் என்றும் ஆகிவிடாது. அந்த மரியாதை வேறு எங்கோ இருக்கிறது. எங்கே என்று தேடியதில் கிடைத்தவைதான் கீழே உள்ள பதில்கள். கேள்விகளில் பாதி அந்தப் பிள்ளைகள் கேட்டவை. மீதி, அவர்களால் தூண்டப்பட்டு அக்கம்பக்கத்துத் தமிழர்கள் கேட்டவை.

நன்றி என்று சொன்னால் ஏன் சிரிக்கிறார்கள்?

மேடையில் சொல்ல வேண்டியதை மளிகைக் கடையில் சொன்னதால். "நன்றி, வணக்கம்" என்று கூட்டத்தில் பேச்சை முடிப்பார்கள். கடிதத்தின் கடைசியில் எழுதுவார்கள். கல்யாணப் பத்திரிகைக்காரரும் அரசியல்வாதியும் சொல்வார்கள். அண்ணாச்சி கடையில் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு நாம் சொல்வது "வரேண்ணே". நன்றியும் விடைபெறுதலும் அந்த ஒரு சொல்லிலேயே முடிந்துவிடும். இப்போது அறிமுகமில்லாதவர்களிடம் 'தேங்க்ஸ்' சகஜமாகிவிட்டது, தப்பில்லை. ஆனால் சோறு போட்ட அம்மாவிடம் தேங்க்ஸ் சொல்லிப் பாருங்கள். "என்னடா புதுசா?" என்பார்.

பெரிய உதவி என்றால் உதவியைப் பற்றிப் பேசுவோம். "நல்ல நேரத்துல வந்தீங்க", "உங்களாலதான் ஆச்சு", "நீங்க நல்லா இருக்கணும்." கடைசியில் சொன்னதைப் பாட்டி வயதுள்ளவர்கள் சொல்லும்போது கொஞ்சம் கண் கலங்கும்.

குறளில் 'நன்றி மறப்பது நன்றன்று' என்று வரும்போது நன்றி என்றால் ஒருவர் நமக்குச் செய்த நல்லது. ஆத்திசூடியின் 'நன்றி மறவேல்' கூட அதே பொருளில்தான். செய்த உதவிக்குப் பெயராக இருந்த சொல், உதவி பெற்றவர் திருப்பிச் சொல்லும் சொல்லாகப் பிற்பாடு நகர்ந்திருக்கிறது. பேச்சில் இன்னும் பழைய பொருள் போகவில்லை. 'நன்றி கெட்டவன்' என்று திட்டும்போது, அவன் தேங்க்ஸ் சொல்லவில்லை என்றா திட்டுகிறோம்?

சரி, 'ப்ளீஸ்' என்பதற்கு?

தயவுசெய்து என்பது பலகையில் எழுதும் சொல். "தயவுசெய்து காலணிகளை வெளியே விடவும்." வாயால் சொன்னால் ஒன்று கெஞ்சல், இல்லையென்றால் கோபம். "தயவுசெஞ்சு கொஞ்ச நேரம் வாயை மூடுறியா?" என்று கேட்பவர் பணிவாகக் கேட்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

பேச்சில் அந்த வேலையைச் செய்வது 'கொஞ்சம்'. "கொஞ்சம் நகருங்க", "கொஞ்சம் அந்தப் பையை எடுங்க." இதில் அளவு எதுவும் கிடையாது. ஒருமுறை வகுப்பில், "கொஞ்சம் கதவைச் சாத்துப்பா" என்றேன். அந்தச் சலூன் தம்பி எழுந்து போய்க் கதவைப் பாதி சாத்தினான், நின்றான், போதுமா என்பதுபோல் என்னைப் பார்த்தான். அவன் அகராதிப்படி அவன் செய்ததுதான் சரி.

'ஒரு' என்பதும் அப்படித்தான். "அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றால் எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் சொல்லலாம்.

இன்னொன்று வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. உட்காரு, உட்காருங்க, உட்காருங்களேன். இந்த மூன்றில் கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஏன்' காரணம் கேட்கும் ஏன் கிடையாது. "உட்கார்ந்தால் எனக்குச் சந்தோஷம், உங்கள் விருப்பம்" என்று ஒரு வாசலைத் திறந்துவைக்கிறது. வாயேன், சொல்லேன், சாப்பிடுங்களேன். சின்னப் பையனிடம்கூட "பாடேன்" என்று கேட்டால் பாடுவான், "பாடு" என்றால் ஓடுவான். 'எடுத்துக்கோங்க', 'பார்த்துக்கோங்க' என்பவற்றில் வரும் 'கொள்' வேறு வகை. "உங்களுக்காகவே செய்யுங்கள்" என்ற அர்த்தம் அதில் தானாக வந்துவிடும். "பிஸ்கட் எடுங்க" என்றால் எடுத்து எனக்குத் தரவும் சொல்லியிருக்கலாம். "எடுத்துக்கோங்க" என்றால் அது உங்களுடையது.

அப்புறம், ஆங்கிலத்தில் இருந்து வந்து நம் பஸ்களில் குடியேறிவிட்ட ஒன்றும் உண்டு. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆள் உட்காரப்போகிறார் என்று பொருள். மறுக்க வழியே கிடையாது.

வெளியே போகிறவர் 'வரேன்' என்கிறார். எது சரி, போகிறாரா வருகிறாரா?

போகிறார். ஆனால் 'போறேன்' என்று மொட்டையாகச் சொல்லக்கூடாது. 'போயிட்டார்' என்றால் செத்துப்போனார் என்றும் பொருள் உண்டு. அதனால் போவதைச் சொல்லும்போதே திரும்பி வருவதையும் சேர்த்து முடிந்துவைக்கிறோம். போயிட்டு வரேன். அவசரத்தில் முதல் பாதி தேய்ந்து 'வரேன்' மட்டும் மிஞ்சும். "வரட்டா?" என்றால் அனுமதி கேட்பது. பதில், "போயிட்டு வாங்க" அல்லது வெறும் "வாங்க". யாராவது மறந்துபோய் "சரி, நான் போறேன்" என்றால், வீட்டில் பெரியவர்கள் இருந்தால், "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று திருத்தாமல் விடமாட்டார்கள். 'கிளம்புறேன்' ஆபத்தில்லாத சொல், ஆபீஸில் அதுதான் ஓடுகிறது.

இதிலேயே இன்னொரு நுணுக்கம். செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவரிடம் "எங்க போறீங்க?" என்று கேட்பது சகுனத்தடை. தெரிந்துகொள்ளாமலும் இருக்க முடியாது. அதனால் "தூரமா?" என்று கேட்பார்கள். "பக்கத்துலதான்" என்று பதில் வரும். இரண்டு பேருக்கும் எதுவும் தெரியாது, ஆனாலும் விசாரித்தாகிவிட்டது.

'வரேன்' சொல்லக்கூடாத இடம் துக்க வீடு. அங்கே "வாங்க" என்று யாரும் வரவேற்பதுமில்லை, கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொள்வதுமில்லை. சட்டென்று எழுந்து போய்விட வேண்டும். என்னிடம் படிக்கும் ஒரு நர்ஸ் சொன்ன கதை இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. டிஸ்சார்ஜ் ஆகிற நோயாளிகள் வாசல்வரை போய், பழக்க தோஷத்தில் "வரேன் சிஸ்டர்" என்பார்களாம். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்ல, கிளம்புறேன்" என்பார்களாம். "எதுக்கு மாத்திச் சொல்றாங்க?" என்று அந்தப் பெண்ணுக்குப் பல மாதம் புரியவே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவேன் என்று யாராவது சொல்வார்களா!

எல்லோரும் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் சோறு போடுவார்களா?

வீட்டு வாசலில் கேட்டால் போடுவார்கள். லிஃப்டில் கேட்டால் அது நலம் விசாரிப்பு. "ஆச்சு, நீங்க?" என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

எனக்கு இந்தச் சொல்லில் பிடித்தது வேறு. 'சாப்பிட்டாச்சா' என்பதில் ஆளே இல்லை, கவனித்தீர்களா? 'சாப்பிட்டியா' என்றால் எதிரில் இருப்பவர் நீ. 'சாப்பிட்டீங்களா' என்றால் நீங்க. புதுச் சம்பந்தி வீட்டுப் பையன், நம்மைவிடச் சின்ன வயது மேலதிகாரி, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்து இப்போது கலெக்டராகிவிட்டவன் போன்றவர்களிடம் நீயா நீங்களா என்று தொண்டையில் மாட்டும்போது இந்த '-ஆச்சு' கைகொடுக்கும். கிளம்பியாச்சா? பார்த்தாச்சா? வந்து ரொம்ப நேரம் ஆச்சா? ஒரு நீயும் இல்லை, நீங்களும் இல்லை. "பேர் என்ன?", "ஊர் எந்தப் பக்கம்?" என்று 'உங்க'ளை விழுங்கிவிட்டுக் கேட்பதும் இதே தப்பித்தல்தான். ஒரு முழுக் கல்யாணத்தையும் ஒருவரிடம் நீ சொல்லாமல், நீங்க சொல்லாமல் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அப்படியானால் யாருக்கு நீ, யாருக்கு நீங்க?

வயதில் பெரியவர், அறிமுகமில்லாதவர் எல்லோருக்கும் நீங்க. வேலைக்கு வரும் பெண்மணிக்கும், ஆட்டோக்காரருக்கும் நீங்கதான். இதில் சந்தேகமே வேண்டாம். அம்மா பல வீடுகளில் நீ, அப்பா நீங்க. கடவுள் எப்போதும் நீ. "முருகா, நீங்க என்னைக் காப்பாத்துங்க" என்று யாரும் வேண்டிக்கொள்வதில்லை.

பெண்ணைக் குறிக்க 'அவள்' என்றால் மரியாதை இல்லை, 'அவர்' பேச்சில் ஆணுக்குப் போய்விட்டது, அதனால் 'அவங்க'. டாக்டரம்மா வந்தாங்க, நாலு பேர் வந்தாலும் வந்தாங்க.

நடுவில் ஒரு படி இருக்கிறது, பாடப்புத்தகத்தில் அகப்படாது. திருச்சி, தஞ்சாவூர், மதுரைப் பக்கத்தில், "மாப்ள வந்தாப்ல, சொன்னாப்ல" என்பார்கள். வந்தான் என்றால் குறைச்சல், வந்தார் என்றால் கூச்சம், ரெண்டுக்கும் நடுவில் 'வந்தாப்ல'. சம வயது ஆண்களுக்கென்றே தைத்த சட்டை. கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் மரியாதை எல்லாச் சொல்லிலும் ஒட்டும். ஆமாங்க, இல்லீங்க, சரிங்க, ஏனுங்க. ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம் 'வந்தீகளா, சொன்னாக'. திருநெல்வேலியில் 'ஏலே' என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், கூப்பிட்டது நண்பர் என்றால்.

முன்பின் தெரியாதவர்களை எப்படிக் கூப்பிடுவது? அண்ணா, சார், தலைவரே, ப்ரோ… எது?

ஆண் என்றால் அண்ணா. கடை, பஸ், ஆட்டோ எல்லாவற்றுக்கும் செல்லும். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் சார். ப்ரோ, பாஸ், தலைவரே எல்லாம் இளவட்டம் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது.

பெண்களிடம்தான் கவனம் வேண்டும். அக்கா பாதுகாப்பு. அம்மா, மரியாதை. ஆன்ட்டி என்பதை எதிரில் இருப்பவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தால் தவிரச் சொல்ல வேண்டாம். எங்கள் தெருக் காய்கறி வண்டிக்காரர் என்னை 'பாப்பா' என்று ஆரம்பித்து, சில வருஷம் 'அக்கா' என்று கூப்பிட்டு, ஒரு திங்கட்கிழமை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் 'அம்மா' ஆக்கிவிட்டார். அவர் என்னைவிட மூத்தவர். அன்றைக்கு வெண்டைக்காய் பேரம் பேசவே தோன்றவில்லை.

'பரவாயில்லை' என்றால் நல்லதா கெட்டதா?

குரலைப் பொறுத்தது. காலை மிதித்தவரிடம் "பரவால்ல" என்றால் மன்னித்தாயிற்று. "காபி போடட்டுமா?" என்பதற்குப் "பரவால்ல" என்றால் வேண்டாம், ஆனால் இன்னொரு தடவை கேட்டால் வேண்டும். "படம் எப்படி?" "பரவால்ல" என்றால் சுமார், டிக்கெட் காசு முழுக்க வீணாகவில்லை. "ஆபரேஷனுக்கு அப்புறம் இப்போ பரவால்ல" என்றால் தேறிவருகிறார். "பரவால்லயே!" என்று இழுத்தால் பாராட்டு, கூடவே "உன்னிடம் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை" என்ற சின்னக் குத்தலும் இருக்கும்.

சொல் பாரசீகத்து 'பர்வா'. கவலை, பொருட்படுத்தல் என்று பொருள். உருது வழியாக வந்து நம் 'இல்லை'யோடு ஒட்டிக்கொண்டது. 'பரவா' மட்டும் தனியாகத் தமிழில் எங்கும் நிற்பதில்லை, 'இல்லை'யைக் கழற்றினால் விழுந்துவிடும். நவாபு காலத்துக் கச்சேரிகள், அதாவது அரசாங்க ஆபீஸ்கள், நமக்கு விட்டுப்போன வக்கீல், ஜாமீன், வசூல், பாக்கி, நகல், ராஜினாமா எல்லாம் ஆபீஸிலேயே தங்கிவிட்டன. இதுவோ அடுப்படிவரை வந்துவிட்டது. 'தாழ்வில்லை' என்று சொல்லலாமே என்று தூய தமிழ் அன்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். சொல்லலாம். அதற்குப் பதிலாக அவரும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்.

மன்னிப்பு கேட்பது எப்படி?

'ஸாரி' போதும். 'மன்னிச்சுக்கோங்க' கனமான சொல். டம்ளரை உடைத்ததற்கெல்லாம் எடுக்கக்கூடாது.

டம்ளர் விஷயத்தில் தமிழ் வேறு உபாயம் வைத்திருக்கிறது. "டம்ளரை உடைச்சிட்டேன்" என்றால் நான் செய்தேன். "டம்ளர் உடைஞ்சிடுச்சு" என்றால் அது பாட்டுக்கு ஆனது. ஒரு 'ச்'சும் 'ஞ்'சும் மாறியதில் குற்றவாளி மறைந்துவிட்டார். கொட்டிட்டேன்/கொட்டிடுச்சு, கிழிச்சிட்டேன்/கிழிஞ்சிடுச்சு, கெடுத்துட்டேன்/கெட்டுடுச்சு. மூன்று வயதுப் பிள்ளைகூட இந்த இலக்கணத்தில் தேர்ந்துவிடுகிறது. "யார் சுவத்துல கிறுக்கினது?" "கிறுக்கிடுச்சு" என்று என் அக்கா பேத்தி பதில் சொன்னாள். கிறுக்குவதற்கு அப்படியொரு வடிவம் கிடையாது. தேவைக்கு அவளே செய்துகொண்டாள்.

கால் பட்டால் மட்டும் சொல் போதாது. பட்ட இடத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். "தெரியாம பட்டுடுச்சு" என்று கூடவே சொல்லலாம். அதுவும் 'பட்டுடுச்சு'தான், கவனியுங்கள்.

'பார்க்கலாம்' என்று சொன்னவர் ஏன் திரும்பக் கூப்பிடவே இல்லை?

மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உங்களுக்குக் கேட்கவில்லை.

நேருக்கு நேர் முடியாது என்பது முகத்தில் அடித்த மாதிரி. அதனால் காலத்தைத் தள்ளிப்போடுகிறோம். பார்க்கலாம், பார்ப்போம், யோசிச்சுச் சொல்றேன், வீட்ல கேட்டுச் சொல்றேன், அடுத்த வாரம் ஞாபகப்படுத்துங்க. "கண்டிப்பா" என்பதைக்கூட நம்பக்கூடாது. "கண்டிப்பா வரேன்" என்பதற்கு முன்னால் ஒரு வினாடி மௌனம் இருந்தால் வரமாட்டார். தேதியும் நேரமும் சொன்னால்தான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். யாசகம் கேட்டு வருபவரிடம்கூட 'தரமாட்டேன்' என்பதில்லை, "சில்லறை இல்லப்பா" என்பதுதான்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் பெண் பார்க்கும் வீட்டுக்குப் போக வேண்டும். சொஜ்ஜி பஜ்ஜி ஆகிவிட்டது. பெண் வந்து வணங்கி உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளையின் சித்தப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு, "சரி, நாங்க வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்கிறார். இந்த வாக்கியத்தை அச்சடித்தால் அதில் ஒரு பதிலும் இல்லை. ஆனால் பெண்ணின் அம்மாவுக்கு அங்கேயே தெரிந்துவிடும். சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னாரா, சொல்லும்போது பெண்ணின் நட்சத்திரத்தை இன்னொரு முறை கேட்டுக்கொண்டாரா, கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா அடுப்படிவரை வந்து "வரேம்மா" என்று பெண்ணிடம் சொன்னாரா என்று பார்ப்பார். சம்பந்தம் முடிவாகும்வரை "கை நனைக்க மாட்டோம்" என்று சாப்பாட்டைத் தவிர்ப்பது சில குடும்பங்களில் வழக்கம். அங்கே, "ஒரு வாய் சாப்பிட்டுப் போலாமே" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரே சொன்னால் கல்யாணம் உறுதி. மறுக்கும்போது ஒரு காரணமும் வேண்டும், யார் மனமும் புண்படாத காரணம். அதற்குத்தான் ஜாதகம். "பொண்ணு லட்சணமா இருக்கு, ஜாதகம்தான் கொஞ்சம் இடிக்குது." பாவம், செவ்வாய்.

நாம, நாங்க. ரெண்டும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இதைத் தப்பாகச் சொன்னால் சொந்தம் போய்விடும். எதிரில் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம. அவரை வெளியே நிறுத்தினால் நாங்க. "நாங்க சினிமாவுக்குப் போறோம்" என்று அறையில் இருக்கும் தோழியிடம் சொல்லிவிட்டு, அவள் ஏன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். டிக்கெட் நாலு எடுத்திருந்தாளாம், தோழிக்கும் சேர்த்து!

'எங்க', 'நம்ம' இரண்டும் இதே கணக்கு. கல்யாணமான புதிதில் மருமகள், "எங்க வீட்ல ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போடுவோம்" என்றால் மாமியார் காது அந்த 'எங்க'வில்தான் நிற்கும். "நம்ம வீட்ல" என்று எப்போது வாய் திரும்புகிறது என்று வீடே காத்திருக்கும். பிள்ளை தப்புச் செய்தால் கணவனும் மனைவியும், "உங்க பையன் பண்ணின காரியத்தைப் பார்த்தீங்களா?" "ஏன், உன் பையன் இல்லையா?" என்று தள்ளிவிடுவது தனிக் கதை. அதே பையன் மார்க் வாங்கினால் நம்ம பையன்.

'காபி கீபி' என்கிறார்களே, கீபி என்ன பானம்?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் கடைகளில் தேடியிருக்கிறார்.

சொல்லின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு, குறிலானால் 'கி', நெடிலானால் 'கீ' போட்டால் எதிரொலிச் சொல் வந்துவிடும். பணம் கிணம், பாம்பு கீம்பு, டாக்டர் கீக்டர். "அது மாதிரி எதுவோ" என்று பொருள். "காபி கீபி ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றால் காபிதான் வேண்டும் என்றில்லை, டீயும் கேட்கலாம், மோரும் கேட்கலாம். (குடிப்பதையும் நாம் சாப்பிடத்தான் செய்கிறோம்.) ஓரம் நறுக்காமல் கேட்பதுதான் இதில் இருக்கும் பண்பு. பயத்தைச் சொல்லவும் இதுவே. "புதர்ப் பக்கம் போகாதே, பாம்பு கீம்பு இருக்கப்போகுது." ஏளனத்துக்கும் இதுவே: "காதலாவது கீதலாவது, போய்ப் படி."

அரிசி தீர்ந்துபோனால் ஏன் 'நிறைஞ்சிருக்கு' என்கிறார்கள்?

'இல்லை' என்ற சொல்லை அரிசிப் பானையின் முன்னால் சொல்லக்கூடாது என்பதால். விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிரவைப்பார்கள் அல்லது மலையேற்றுவார்கள். தாலிச்சரடு அறுந்தால் 'பெருகிடுச்சு'. இரவில் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்பார்கள். அம்மை போட்டிருக்கும் வீட்டில் நோய் என்று பேச்சே கிடையாது, அம்மா வந்திருக்கிறாள். புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் "ஏதாவது விசேஷமா?" என்றால் தீபாவளியைக் கேட்கவில்லை. "முழுகாம இருக்கா" என்றால் கர்ப்பம். ஆனால் "அவனைத் தலைமுழுகிட்டேன்" என்றால் உறவு தீர்ந்தது. ஜாக்கிரதை.

நம் பாட்டிகள் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்குச் சூத்திரமே எழுதிவிட்டார். நல்லதல்லாததை நல்ல சொல்லால் சொல்வது மங்கலம். கூச்சமானதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியப் பேசுவது குழூஉக்குறி. செத்தார் என்பதைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலத்துக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள். 'கால் கழுவி வந்தேன்' இடக்கரடக்கலுக்கு.

சாவைச் சொல்வதில் மட்டும் இன்றைக்கும் எத்தனை சொற்கள் என்று சுவரொட்டிகளைப் பார்த்தால் தெரியும். காலமானார், இறைவனடி சேர்ந்தார் பொதுவானவை. சைவக் குடும்பம் சிவலோக பதவி அடைந்தார் என்று போடும். வைணவத்தில் பரமபதித்தார், ஆசார்யன் திருவடி அடைந்தார். கிறித்தவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இஸ்லாமியர் பேச்சில் மௌத்தாயிட்டார். பகுத்தறிவாளர் வீடு என்றால் இயற்கை எய்தினார். செத்தவர் பெயரைப் படிக்காமலேயே அவர் வீட்டுப் பூஜையறை எப்படி இருக்கும், இருக்குமா என்றுகூடச் சொல்லிவிடலாம். தெருவில் நின்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இவை எதுவும் இல்லை. "பெரியவர் தவறிட்டாராம்." அவ்வளவுதான்.

'சும்மா' பற்றி எழுதவில்லையே?

அதற்கு இத்தனை அர்த்தம் என்று வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு தடவை சுற்றிவருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும்.

யாழ்ப்பாணத்துத் தோழி 'போட்டு வாறன்' என்கிறாள். எதைப் போட்டு?

எதையும் இல்லை. நம் 'போயிட்டு வரேன்'தான் அங்கே 'போட்டு வாறன்'. சொல் வேறு மாதிரி தேய்ந்திருக்கிறது, திரும்பி வரும் வாக்குறுதி அப்படியே இருக்கிறது. ஆமாம் என்பதற்கு ஓம், பேசுவதற்குக் கதைப்பது, சீக்கிரம் என்பதற்குக் கெதியா, அழகுக்கு வடிவு. "வடிவா இருக்கு" என்றால் சந்தோஷப்படுங்கள். "கொஞ்சம் கதைக்கோணும்" என்றால் பயப்படாதீர்கள், கதை விடப்போவதில்லை. கேள்வியில் நம் 'ஆ' அங்கே பல நேரம் 'ஓ' ஆகும்: "விளங்குதோ?", "சுகமா இருக்கிறீங்களோ?" 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவே 'நீர்' என்று ஒரு படி அவர்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கணவன் மனைவிக்கும் நண்பர்களுக்கும் அது வெகு பொருத்தம், எனக்குப் பொறாமைதான்.

போனை எப்படி வைப்பது?

இதைக் கேட்டவர் நிஜமாகவே தவித்துப்போயிருந்தார். வீட்டுக்கார அம்மா போன் செய்தாராம், தண்ணீர் மோட்டார் பற்றி. எடுத்ததும் "சொல்லுங்க" என்று ஆரம்பிக்க வேண்டும் என்பதை அவர் கற்றுவைத்திருந்தார். விஷயம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வைக்கத்தான் முடியவில்லை.

விஷயம் முடிந்ததும் ஒரு "சரி". அது முடிவு இல்லை, முடிவுக்கான அறிவிப்பு. அடுத்து எதிர்முனையில் "அப்புறம்?" என்று வரும். புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பதறாதீர்கள். "அப்புறம் ஒண்ணும் இல்ல, நீங்கதான் சொல்லணும்" என்பது பதில். "வேற?" "வேற ஒண்ணும் இல்ல." "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" இந்த இடத்தில் உண்மையாகவே ஒரு சேதி நினைவுக்கு வந்துவிட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். வரவில்லை என்றால், "சரி, அப்போ வெச்சிடட்டுமா?" என்று கேளுங்கள். 'வைக்கிறேன்' என்று அறிவிக்காதீர்கள், கேளுங்கள். "சரி, வெச்சிடுங்க" என்று பதில் வந்தால் வைக்கலாம்.

அவர் அப்படித்தான் கேட்டிருக்கிறார். "வெச்சிடுப்பா" என்று வீட்டுக்கார அம்மா சொல்லியும்விட்டார். "அப்புறம், இந்த மாசம் வாடகை…" என்று அடுத்த நொடியே தொடர்ந்தாராம். கூப்பிட்டதே அதற்குத்தான்.